மரகதம்மாவின் காதுப் பசை

நான் ஓய்வு பெற்ற கையோடு என் புறநோயாளிகள் பிரிவு, தொம்மலூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்டுக்கு இடம் மாறிவிட்டது. காய் வாங்கக் கீழே இறங்கினால் போதும், தரைத்தளம் வருவதற்குள் யாராவது ஒருவர் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டுவார். "மேடம், சும்மா ஒரு தடவை பாருங்க. உள்ளே என்னமோ ஓடுது." லிஃப்ட் வெளிச்சத்தில் காதுக்குள் ஒன்றும் தெரியாது என்று சொன்னால் கைபேசியில் டார்ச்சைப் போட்டு என் கையில் கொடுக்கிறார்கள். ஒரு முறை அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வெளியே நின்ற கூரியர்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, படியிலேயே ஏறிப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தது. காது மூக்கு தொண்டைப் பிரிவு ஒரு சிறப்பு மலர் கொண்டுவரப் போகிறதாம். "உங்க கேரியர்லயே பெரிய ஆபரேஷன் எதுவோ அதைப் பத்தி எழுதுங்க மேடம்" என்றார்கள். உட்கார்ந்து யோசித்தேன். நிறையத்தான் வெட்டியிருக்கிறேன், தைத்திருக்கிறேன். ஆனால் மனசு திரும்பத் திரும்ப நாங்கள் செய்யாமல் விட்ட ஓர் ஆபரேஷனிடமே போய் நின்றது. அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ.

முதலில் எங்கள் சீஃபைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், மருத்துவமனையில் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் சீஃப்தான். ஷிமோகா பக்கத்துக்காரர். தமிழைக் கன்னடம் போலவும் கன்னடத்தை மருந்துச் சீட்டு போலவும் பேசுவார். அவருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, காது நிற்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருவர் ஓடிவந்து காலில் விழாத குறையாக நன்றி சொன்னபோது, சீஃப் கொஞ்சமும் அடையாளம் தெரியாமல் விழித்தார். பிறகு, "ஸ்வல்ப இப்படித் திரும்புங்க" என்றார். அவர் திரும்பினார். "ஓ! நீங்களா? எலும்பு எல்லாம் ஒழுங்கா இருக்கா?" பக்கத்தில் நின்ற சம்பந்தி வீட்டார் பயந்துபோனார்கள்.

இன்னொன்று, அவர் குரலை உயர்த்தவே மாட்டார். காது டாக்டரின் அறை என்பது எல்லோரும் கத்துகிற இடம். நோயாளி கத்துவார், கூட வந்தவர் கத்துவார், நர்ஸ் கத்துவார். அந்தச் சந்தையின் நடுவே சீஃப் மட்டும் கோயிலில் பேசுவதுபோலப் பேசுவார். "நான் கத்தினா அவங்களுக்குக் காது கேக்குதா, இல்ல என் வாயைப் பார்த்துத் தலையாட்டறாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பது அவர் கட்சி.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் அவரிடம் முதலில் கற்றது காது கழுவுகிற தண்ணீரின் சூடு. பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. பாட்டில் இருப்பதே கன்னத்துக்குத் தெரியக் கூடாது. அப்போதுதான் உள்ளே விடலாம். என்னோடு படித்த ஒருவன் இதை நம்பாமல் மார்கழி மாதக் குழாய்த் தண்ணீரை ஒரு போலீஸ் ஏட்டின் காதில் அடித்தான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் காதின் உள்ளே இருக்கும் சமநிலைக் கருவி குழம்பிப்போகும், உலகமே சுற்றும். ஏட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பீரோவுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு உட்கார்ந்தார். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மரகதம்மா எங்களிடம் வந்தபோது நான் சீஃபுக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். அடுகோடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணத் தரகர். பெங்களூரில் இருக்கும் வட ஆற்காட்டு, கிருஷ்ணகிரிக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் ஜோடி சேர்த்ததாக அவரே சொன்னார். எல்லாம் ஃபோனில்தான். அந்த ஃபோன்தான் இப்போது பிரச்சினை.

"ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு டாக்டர். மைசூர் விஷயத்துக்கு அப்புறம் வெளிய தல காட்ட முடியல."

"என்ன மைசூர் விஷயம்?"

பதில் சொன்னவர் அவருடைய கணவர் தேவராஜ். ஒரு தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வார்த்தைகளை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ரகம். "பையன் ஓசூர்ல இருக்கான்னு ஃபோன்ல சொன்னாங்க. இவ மைசூர்னு கேட்டுட்டா."

பெண் வீட்டார் ஒரு டெம்போ டிராவலர் பிடித்து, தட்டில் பழமும் பூவும் அடுக்கிக்கொண்டு மைசூர் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஓசூரில் கேசரி கிளறி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மைசூரில் அந்தத் தெருவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வந்தது வந்தோம் என்று அரண்மனையைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன பழத்தையெல்லாம் வழியில் தாங்களே சாப்பிட்டு முடித்து, ராத்திரி மரகதம்மாவுக்கு ஃபோன் செய்து திட்டியிருக்கிறார்கள்.

"அவங்க திட்டினதும் எனக்குச் சரியா கேக்கல" என்றார் மரகதம்மா. "பொண்ணு புடிச்சுப்போச்சுன்னு சொல்றாங்கன்னு நெனச்சு, சந்தோஷம்னேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தொழில் போய்விடும் என்ற பயம் அந்தத் துடைப்பில் இருந்தது.

ஏற்கெனவே இரண்டு இடங்களில் பார்த்திருந்தார். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது என்று செவிப்பறையில் சின்னத் துளை போட்டு, பட்டன் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தார்கள். நீர் அதன் வழியே வடிந்துவிடும் என்பது கணக்கு. வடியவில்லை, குழாய் அடைத்துக்கொண்டது. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், மாற்றிக் கொடுத்தார்கள். எதற்கும் அசையவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். காதுச் சீழ் எத்தனையோ நிறத்தில் பார்த்திருக்கிறேன். இது சீழ் இல்லை. மஞ்சளாக, பலாப்பழம் அரியும்போது கத்தியில் ஒட்டுமே அந்தப் பிசின் போல இருந்தது. உறிஞ்சும் குழாயை வைத்தேன். குழாய் "க்ளக்" என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. வேறு குழாய் மாற்றினேன், அதுவும் அடங்கியது. கடைசியில் நுண்ணிய இடுக்கியால் பிடித்து இழுத்தபோது நூல் நூலாக நீண்டு வந்தது. பாதி வழியில் அது இடுக்கியை விடவும் மாட்டேன், காதை விடவும் மாட்டேன் என்று நின்றது.

"என்னம்மா அது?" என்றார் தேவராஜ், எட்டிப் பார்த்து. "போஸ்டர் ஒட்டற பசை மாதிரி இருக்கு."

பசைக்குப் பின்னால் வெளிர் சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. சீஃப் வந்து பார்த்தார். நாள்பட்ட அழற்சி, சதை வேறு வளர்ந்திருக்கிறது, காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சுத்தம் செய்துவிடலாம் என்றார். அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நாள் குறித்தோம்.

அந்த நாள் வருவதற்குள் விஷயம் விபரீதமாகிவிட்டது. ஒரு காலையில் மரகதம்மா எழுந்தபோது தலை சுற்றியிருக்கிறது. இடது காதில் அதுவரை இருந்த கொஞ்ச நஞ்சச் சத்தமும் இல்லை. தேவராஜ் ஆட்டோவில் அழைத்து வந்தார். இசைக்கவையைத் தட்டி இடது காதின் பின் எலும்பில் வைத்தேன். நடுக்காது அடைத்திருந்தாலும் எலும்பு வழியாக ஒலி உள்காதுக்குப் போய்விடும், போக வேண்டும். "கேக்குதா?" என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியோகிராம் எடுத்தோம். நோய் நடுக்காதோடு நிற்கவில்லை. உள்ளே நரம்பு வரை போய்விட்டது. வலது காதிலும் உச்ச ஸ்தாயி ஒலிகள் கேட்பது குறையத் தொடங்கியிருந்தது.

அன்றே படுக்கையில் சேர்த்தோம். மறுநாள் ஆபரேஷன், எஞ்சியிருக்கும் வலது காதைக் காப்பாற்ற வேண்டுமே என்று சீஃப் அவசரப்பட்டார்.

மாலையில் நான் கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன். மரகதம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆஸ்துமா வந்திருந்தது. மூக்கில் திராட்சைக்கொத்து மாதிரி சதை வளர்ந்து ஏற்கெனவே ஒருமுறை எடுத்திருந்தார்கள். வாசனையே தெரிவதில்லை, சாம்பார் தீய்ந்ததைத் தேவராஜ்தான் சொல்ல வேண்டும். இதெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவரிடம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது என்பதால், நடுவில் தேவராஜிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"வீட்ல எப்படி, நீங்க பேசறது ஒண்ணுமே கேக்காதா?"

"எங்க கேக்குதும்மா. போன மாசம் மட்டும் ஒரு வாரம் தொல்லையாப்போச்சு."

"என்ன தொல்லை?"

"நான் கொறட்ட விடறேன்னு தெனம் காலைல சண்ட. ஒரு வருஷமா இல்லாத சண்ட. ஹால்ல போய்ப் படுங்கன்னு தலகாணியத் தூக்கி வெளிய போட்டா."

பேனாவை மூடப் போனவள் நிறுத்தினேன். "குறட்டை கேட்டுச்சா அவங்களுக்கு?"

"நல்லா கேட்டுச்சு. அப்புறம் ஒரு வாரத்துல திரும்பவும் செவிடாயிட்டா. நிம்மதியா உள்ள வந்து படுத்துட்டேன்."

"அந்த வாரம் என்ன நடந்தது? ஏதாவது மருந்து மாத்தினாங்களா?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "மூச்சு ரொம்ப வாங்குச்சுன்னு நெஞ்சு டாக்டர் சின்னதா வெள்ள மாத்திர குடுத்தாரு. ஸ்டீராய்டுன்னு சொன்னாரு. அது தீர்ந்ததும் சண்டயும் தீர்ந்துடுச்சு."

நான் சீஃபின் அறைக்குப் போனேன். நாள் குறித்த ஆபரேஷனை நிறுத்தச் சொல்லி அவரிடம் யாரும் போனதில்லை. அதுவும் நான் கையில் கொண்டுபோன ஆதாரம் குறட்டை.

"சார், நாளைக்குப் போட்டிருக்கற காது... ஸ்டீராய்டு சாப்பிட்ட வாரம் அந்தம்மாவுக்குப் புருஷனோட குறட்டை கேட்டிருக்கு."

சீஃப் என் கையிலிருந்த கேஸ் ஷீட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, "புருஷனைக் கூப்பிடு" என்றார்.

தேவராஜ் வந்து நின்றார். "எப்படி விடுவீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார் சீஃப், தாழ்ந்த குரலில்.

"எது சார்?"

"கொறட்டை."

தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சட்டைக் காலரைத் தளர்த்தி, கண்ணை மூடி, நின்ற வாக்கிலேயே ஒன்று விட்டார். சுமாராகத்தான் இருந்தது. "உண்மையா இதான் அளவா?" என்று சீஃப் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மூச்சை நன்றாக இழுத்து இரண்டாவதை விட்டார். மேசை மேல் இருந்த இசைக்கவைகள் கிணுகிணுத்தன என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஜோராகத்தான் இருக்கு" என்றார் சீஃப். "இது அடைச்ச காதுக்கும் கேக்கும்னு சொல்லலாம். ஆனா வருஷம் பூரா கேக்கல, அந்த வாரம் மட்டும்தான் கேட்டிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆஸ்துமா, மூக்குச் சதை, ரெண்டு காதும், இந்தப் பசை. பசையைப் பாத்தாலஜிக்கு அனுப்பினியா?" என்றார். அழற்சிப் பசையை எப்போதும் கிருமி வளர்த்துப் பார்க்கத்தான் அனுப்புவோம். இப்போது உயிரணுக்களைப் பார்க்க அனுப்பினோம்.

பாத்தாலஜியில் பிலோமினா என்று என் தோழி இருந்தாள், ஆஸ்டின் டவுன்காரி. அரை மணி நேரத்தில் ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "என்னடி அனுப்பிச்சிருக்க? கண்ணாடியில தேய்க்கவே வரல. என் கையுறை ஒட்டிக்கிச்சு, அதைப் பிரிக்கப் போன பையனோட கையுறையும் ஒட்டிக்கிச்சு." கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள், இப்போது குரல் மாறியிருந்தது. "பார்த்தேன். ஸ்லைடு பூரா இயோசினோஃபில்டி. செக்கச்செவேல்னு. வேற ஆளுக்கே இடமில்ல."

இயோசினோஃபில் என்பது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயிலும் மூக்குச் சதையிலும் கூட்டமாகப் போய் உட்காருவது இவைதான். அதே கூட்டம் நடுக்காதிலும் இறங்கினால் இந்தப் பசை, இந்த வீக்கம், குழாயையும் ஆன்டிபயாடிக்கையும் மதிக்காத இந்தப் பிடிவாதம். கவனிக்காமல் விட்டால் உள்காதையும் கெடுத்துவிடும். கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் யாரோடு சண்டை போடும்? எலும்பைத் திறந்தாலும் கூட்டம் கலையாது. இப்படிப்பட்ட காதைத் திறந்தால் இருக்கிற கேட்கும் திறனும் போக வாய்ப்புண்டு.

சீஃப் எழுந்து போய், பலகையில் எழுதியிருந்த மறுநாள் பட்டியலில் மரகதம்மாவின் பெயரைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். அந்தக் கைக்குட்டையை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, "நல்லவேளை, மனுஷன் கொறட்டை விட்டான்" என்றார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் இல்லை என்று எழுதிக் காட்டியதும் மரகதம்மா இடிந்துபோனார். "எல்லாருக்கும் சொல்லிட்டேனே டாக்டர்! ஆம்பூர்ல இருந்து தங்கச்சி வேற கிளம்பிட்டா. புது நைட்டி எடுத்திருக்கேன்." தங்கை வரட்டும், நைட்டியும் வீணாகாது, மருந்தைக் காதுக்குள்ளேயே விடப்போகிறோம் என்று எழுதினேன்.

அந்த வைத்தியம் கேட்பதற்கு எளிது. பசையை முடிந்தவரை இழுத்து எடுத்துவிட்டு, ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, செவிப்பறைத் துளை வழியாக மெல்லிய ஊசியால் ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக நடுக்காதில் நிரப்ப வேண்டும். மருந்து கன்னத்துக்குத் தெரியாத சூட்டில் இருக்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. விழுங்கினால் நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழல் திறந்து, மருந்து அதன் வழியே இறங்கிவிடும்.

மரகதம்மா அரை மணி நேரம் பேசாமல் இருப்பது அந்தக் குடும்பத்தில் முன்னுதாரணம் இல்லாத சம்பவம். படுத்த கொஞ்ச நேரத்திலேயே ஃபோன் அதிர்ந்தது. தேவராஜ் எடுத்தார். ஏதோ மாப்பிள்ளை வீடு.

"ஆமா... இல்ல... தெரியாது." கொஞ்சம் இடைவெளி. "பொண்ணு எப்படின்னா? பொண்ணு மாதிரிதான்."

மரகதம்மா கையை ஆட்டினார், கட்டிலைத் தட்டினார், விரலால் காற்றில் எழுதினார். நான் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். தேவராஜ், "பையன் குடிப்பானா?" என்று நேராகக் கேட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "அப்ப வேணாம்" என்று வைத்துவிட்டார். மரகதம்மாவின் கண்ணில் தெரிந்ததை நான் எழுத மாட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தார்கள். சீஃப் அவரை நாற்காலியில் சுவர் பார்க்க உட்கார வைத்து, பின்னால் போய் நின்றார். வாயைப் பார்த்து ஊகிக்க முடியாதபடி, முதுகுக்குப் பின்னாலிருந்து ரகசியக் குரலில் சொல்லி, திருப்பிச் சொல்லவைக்கும் பழைய சோதனை.

"தக்காளி."

"தக்காளி" என்றார் மரகதம்மா.

சீஃப் ஓரடி பின்வாங்கினார். "கொத்தவரங்காய்."

"கொத்தவரங்கா."

இன்னும் பின்னால் போனார். என் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில், ரொம்பப் பேசுகிற பெண்மணி, என்றார்.

"யாரு, நானா?"

சீஃப் அசந்துபோனார். கதவு வரை போய், பிடிவாதம் வேறு, என்றார். "அதுவும் கேட்டுச்சு" என்று சுவரிடமிருந்து பதில் வந்தது. அவர் இப்போது நடைவழிக்கே போய்விட்டார். அங்கே காத்திருந்த நோயாளிகளின் நடுவே நின்றுகொண்டு, எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், "ஆனா தைரியசாலி" என்றார்.

மரகதம்மா மௌனமாக இருந்தார். அந்தத் தூரம் கேட்கவில்லை போலிருக்கிறது. பிறகு அவர் சொன்னார்: "கடைசியா என்னமோ சொன்னீங்களே, சரியா விழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சீஃப் சத்தமாகச் சொன்னார். தன் பணிக்காலத்தில் முதல் முறையாக, நடைவழி முழுக்க ஒலிக்க, "தைரியசாலி!" என்று கத்தினார். மரகதம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இந்த நோய் போய்விடுகிற ஜாதி இல்லை. வலது காது பிழைத்ததே தவிர, பசை திரும்பத் திரும்ப வந்தது. வருஷக்கணக்கில் அவரும் வந்துகொண்டே இருந்தார். சீஃப் ஓய்வு பெற்றுப் போனார், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஸ்துமாவுக்கென்று வந்த புது ஊசி அந்த இயோசினோஃபில் கூட்டத்தையே குறைக்கிறது என்று ஆனபோது, நெஞ்சு டாக்டரோடு பேசி அதைத் தொடங்கினோம். பசை வெகுவாகக் குறைந்தது. ஒருநாள் மரகதம்மா ஃபோன் செய்து, பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனை தெரிகிறது என்று அழுதார். இடது காது மட்டும் வரவே இல்லை. நரம்பு போனால் போனதுதான்.

நான் ஓய்வு பெற்ற அன்று இருவரும் வந்திருந்தார்கள். எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். தேவராஜ் எப்போதும் மனைவிக்கு இடது பக்கமாகவே வருவார், கேட்காத காதுப் பக்கம். மனுஷன் பிழைக்கிற வழி கண்டுபிடித்துவிட்டார், பதில் சொல்ல வேண்டாம், கேள்வியும் வராது என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். கடைசி நாள்தானே என்று அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் எப்பவும் அந்தப் பக்கமே வர்றார்? தப்பிச்சுக்கவா?"

மரகதம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அடுகோடிலருந்து பஸ் ஸ்டாப்புக்கு வரணும்னா ஓசூர் ரோட்டத் தாண்டணும் டாக்டர். இந்தப் பக்கம் வண்டி வந்தா எனக்குத் தெரியாதே. அதான் அங்க அவரு வராரு."

தேவராஜ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசணும்னா வலது பக்கம் வருவாரு" என்றார் மரகதம்மா, பையை எடுத்து மாட்டிக்கொண்டே. "இந்த மாசம் ரெண்டு தடவ வந்துட்டாரு."